வனஜா மாமி படிப்பித்த சீனம்

ஜேர்மனியில் பான் நகரத்துத் தமிழர்களில் வனஜாவைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவளை நேரே கண்டால் சுகம் விசாரித்துவிட்டு, அங்காலே போய்ப் பின்னால் சிரித்தவர்களும் உண்டு. சீனாக்காரப் பிள்ளைக்குச் சீனம் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து மனுசி என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கணேசலிங்கத்தின் பலசரக்குக் கடையில் கொஞ்சக் காலம் இதுதான் கதை. சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் பட்ட பாட்டில் கால்வாசியாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றிருக்கும்.

வனஜா பிறந்தது இணுவிலில். பெரியவர்கள் பேசி முடித்த பேச்சுக்கால் கல்யாணம். மாப்பிள்ளை நவரத்தினம் எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் புகுந்து, முகாம் முகாமாக இழுபட்டு, கடைசியில் பானில் ஒரு உணவகத்துச் சமையலறையில் ஒதுங்கியவர். அவர் அனுப்பிய படத்தில் அடர்த்தியாக ஒரு மீசை இருந்தது. விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்ற ஆளுக்கு மீசை இல்லை. "படத்தைக் காட்டி ஏமாத்திப் போட்டியள்" என்று இப்போதும் அவள் சொல்லிக் காட்டுவாள். அவரும் ஒவ்வொரு முறையும் மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொள்வார். நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார், பேசினால் பகிடியாகத்தான் பேசுவார்.

குறை என்று சொன்னால் ஒன்றுதான். வயிற்றில் வந்தது எதுவும் தங்கவில்லை. டொக்டர்மார் பார்த்தார்கள், கோயில்களுக்கு நேர்ந்தார்கள், பிறகு அந்தப் பேச்சை இருவரும் விட்டுவிட்டார்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு வனஜா ஒருநாள் திடீரென்று தாகெஸ்முட்டர் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்றாள். வேலைக்குப் போகும் தாய்மாருடைய சின்னப் பிள்ளைகளைத் தன் வீட்டிலே வைத்துப் பார்ப்பவளுக்கு ஜேர்மனியில் அந்தப் பெயர். பகல்நேரத் தாய் என்று அர்த்தம். பேரைப் பார்த்தீர்களா? பகலுக்குத் தாய், பின்னேரம் மணி அடித்தால் இல்லை. "அதுக்காவது நான் பொருத்தமோ எண்டு பாப்பம்" என்றாள். படித்தாள், தேறினாள், இளைஞர் நலப் பகுதியிடம் அனுமதி எடுத்தாள், வரவேற்பறையில் இருந்த சோபாவை நிலவறைக்கு அனுப்பிவிட்டுத் தரை முழுக்க மெத்தை விரித்தாள்.

பிள்ளைகள் வந்தார்கள், வளர்ந்தார்கள், கிண்டர்கார்ட்டனுக்குப் போனார்கள். எல்லோருடனும் அவள் ஜேர்மனில்தான் பேசினாள். சட்டமும் அது, அவளும் சட்டம் மீறாத ஆள். ஒரு பிள்ளை போனால் இரண்டு நாள் முகம் வாடும், அடுத்த பிள்ளை வந்து காலைக் கட்டிக்கொள்ளும். இப்படியே போயிருக்க வேண்டியது.

நிங்நிங் வந்து கெடுத்தாள்.

ஒரு வயதுகூட நிறையவில்லை அப்போது. தாய் லூ வென், தகப்பன் ஷென், இருவரும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இரவுபகலாக வேலை செய்கிறவர்கள். அங்கே எல்லாம் ஆங்கிலம், வீட்டில் சீனம், கடைத்தெருவில் கையசைப்பு. ஜேர்மனில் வணக்கமும் நன்றியும் தெரியும், அதற்கு அப்பால் அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. பிள்ளையோ வந்த நாளிலிருந்து ஓயாமல் அழுதது. படிப்பில் சொல்லித் தந்த ஜேர்மன் தாலாட்டு, கிலுகிலுப்பை, தோளில் போட்டு நடப்பது, ஒன்றும் சரிவரவில்லை. ஒரு மத்தியானம் தானும் களைத்துப்போய், "ஏன் குஞ்சு அழுறாய்? என்ரை ராசாத்தியெல்லே, மாமியிட்டைச் சொல்லு" என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தது. வனஜா இன்னும் இரண்டு வசனம் சொன்னாள். பிள்ளை சிரித்தது.

அன்றோடு சட்டம் போயிற்று. மற்றப் பிள்ளைகளுக்கு ஜேர்மன், நிங்குவுக்குத் தமிழ். ஆம், நிங்நிங் நிங்கு ஆகிவிட்டாள். அம்மா என்று அழைக்க மட்டும் அவள் பழக்கவில்லை. "அது பெத்தவளின்ரை" என்று, பிள்ளை வாய் திறக்கத் தொடங்கியதுமே மாமி என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள். அந்தளவு கவனம் இருந்தது. மிச்சத்தில் இருக்கவில்லை. பிள்ளை, "இஞ்ச வா", "தண்ணி தா", "ஏலாது" என்று கடகடவென்று பேசத் தொடங்கியதும் வனஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. கணேசலிங்கத்தின் கடையில் நிங்கு முருங்கைக்காயைக் காட்டி, "இது வேண்டாம் மாமி, கத்தரிக்காய் வாங்குவம்" என்று சொல்ல, கடையே திரும்பிப் பார்க்க, வனஜா ஒரு நெஞ்சு நிமிர்த்தலோடு வெளியே வந்தாள். பெற்றவள் கூட அப்படி நிமிர்ந்திருக்க மாட்டாள்.

பெற்றோருக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். காலை ஏழரைக்கு விட்டால் பின்னேரம் ஆறரைக்கு எடுப்பார்கள். பிள்ளை பாதி நாள் காரிலேயே தூங்கிவிடும். அவர்கள் சீனத்தில் கேட்பதற்குத் தலையாட்டும், கொஞ்சம் விளங்கியும் கொள்ளும். பதில் மட்டும் வேறு எதிலோ வரும். அவர்கள் அறிந்த ஜேர்மனுக்கு அது ஜேர்மனாகத்தான் கேட்டது. பரவாயில்லை, இந்த நாட்டு மொழியை நன்றாகப் பிடித்துவிட்டாள், நம்முடையது மெல்ல வரும் என்று நினைத்துச் சந்தோசப்பட்டார்கள்.

மூன்று வயதுப் பரிசோதனையில் குட்டு வெளிப்பட்டது. பிள்ளைகள் டொக்டர் படங்களைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பூனை என்றாள் நிங்கு. அடுத்த படத்துக்குக் குடை என்றாள். அதற்கடுத்த படத்தில் ஒரு பையன் விழுந்து கிடந்தான், "ஐயோ பாவம், விழுந்திட்டான்" என்றாள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சீனமொழி மிக நன்றாகப் பேசுகிறாள், இனி ஜேர்மனையும் கொஞ்சம் பழக்குங்கள் என்று லூ வென்னிடம் சொன்னார். லூ வென், இது சீனமில்லை, நாங்கள் இதை ஜேர்மன் என்றல்லவா நினைத்தோம் என்றாள். டொக்டரும் தாயும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருக்க, நிங்கு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "மாமியிட்டைப் போவம்" என்றாள்.

அன்று பின்னேரம் லூ வென் வந்தாள். வேறு யாராவது என்றால் வீடு இரண்டுபட்டிருக்கும். அவள் சத்தம் போடவில்லை. சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து, அரைகுறை ஜேர்மனும் ஆங்கிலமும் கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்பும் கலந்து, ஒன்றை மட்டும் கேட்டாள். பிள்ளை படுக்கையில் விழித்துக்கொண்டு தினமும் ஏதோ கேட்கிறாள். அது என்னவென்று தெரியாமல் நான் பால் கொடுக்கிறேன். தட்டிவிட்டு அழுகிறாள். அவள் என்னதான் கேட்கிறாள்? இப்படிக் கேட்டுவிட்டு, பிள்ளை சொல்லும் சத்தத்தைத் தன் வாயால் சொல்லிக் காட்டினாள்.

"போத்து விடு."

வனஜாவுக்குக் கேட்டதும் விளங்கிவிட்டது. பிள்ளைக்குக் குளிர்ந்திருக்கிறது. போர்வையை இழுத்துப் போர்த்துவிடச் சொல்லித் தாயிடம் கேட்டிருக்கிறது. தாய் பால் போத்தலோடு நின்றிருக்கிறாள். இத்தனை மாதமும் அந்தப் பிள்ளை குளிரில் கிடந்ததற்குத் தான்தான் காரணம் என்று அவளுக்குப் பட்டது. சைகையால் போர்வையை இழுத்துக் காட்டினாள். அப்போதுதான் லூ வென் அழுதாள். என்ன அழுகை அது! என் வயிற்றில் பிறந்தவளோடு பேச எனக்கு இன்னொருத்தியின் உதவி வேண்டியிருக்கிறதே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். வனஜாவும் சேர்ந்து அழுதாள், வேறென்ன செய்வாள்?

அழுது முடிந்ததும் லூ வென் வந்த விசயத்தைச் சொன்னாள். கொலோன் நகரத்தில் ஒரு சீனத்துப் பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாளாம். தூரம்தான், ஆனாலும் அடுத்த மாதத்திலிருந்து அங்கே விடப்போகிறார்களாம்.

வனஜா யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள். அன்று கெஞ்சினாள். பிள்ளையை எடுக்காதே, உனக்குச் சீனம்தானே வேண்டும், புத்தகத்தைக் கொண்டு வா, பாட்டைக் கொண்டு வா, எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லு, நான் செய்கிறேன் என்றாள். உனக்குச் சீனம் தெரியாதே என்றாள் லூ வென். படிக்கிறேன் என்றாள் வனஜா. அப்படியானால் தமிழ்? "ஒரு சொல்லும் கதைக்கமாட்டன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை. பிள்ளை கையை விட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

அடுத்த வாரமே ஒரு பை நிறையப் பயிற்சிப் புத்தகங்கள் வந்தன. ஒவ்வொரு பக்கமும் கட்டம் கட்டமாக இருக்கும், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் குறுக்கும் நெடுக்குமாகப் புள்ளிக்கோடு ஓடும். முதல் கட்டத்தில் எழுத்து கறுப்பாக இருக்கும், அடுத்தவற்றில் சாம்பல் நிறத்தில் மங்கலாக. மங்கல் மேல் பென்சிலை ஓட்டி எழுதிப் பழக வேண்டும். எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு பிறகு என்று ஒழுங்கு உண்டு. கிடைக்கோடு போட்ட பிறகுதான் நிலைக்கோடு. மாற்றிப் போட்டாலும் பார்வைக்கு எழுத்து ஒன்றாகத்தான் இருக்கும், ஆனால் பிழை. இவற்றோடு ஒரு பேசும் பேனாவும் வந்தது. புத்தகத்துப் படத்தில் அதைத் தொட்டால் அந்தச் சொல்லைச் சீனத்தில் சொல்லும்.

வனஜா அந்தப் பேனாவைப் பிடித்தாள் பாருங்கள், விடவேயில்லை. பிள்ளைகள் போன பிறகு மேசையில் இருந்து தானே முதலில் எழுதிப் பழகினாள். ட்ராமில் போகும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனாள். ஒரே சத்தத்தை ஏற்றிச் சொன்னால் ஒன்று, இறக்கிச் சொன்னால் இன்னொன்று என்பது அவளைப் பாடாய்ப் படுத்தியது. எதிர் இருக்கையில் இருந்தவர்கள் எழும்பி வேறு இடத்துக்குப் போனார்கள். வீட்டில் கதவு, யன்னல், குளிர்பெட்டி, செருப்புத் தட்டு எல்லாவற்றிலும் சீன எழுத்து அட்டை ஒட்டினாள். வேலையால் வந்த நவரத்தினம் சோறு எடுக்கப் போய், பானை மூடியிலும் ஒன்று இருப்பதைக் கண்டார்.

"இஞ்சேரும், இதைத் திறக்கிறதெண்டால் என்ன சொல்லிக் கேக்க வேணும்?" என்றார்.

"ஷ்ஷ்! பிள்ளை இன்னும் போகேல்லை. தமிழ் கதைக்காதேங்கோ."

அவரும் வாயை மூடிக்கொண்டார். நிங்கு இருக்கும் மட்டும் அந்த வீட்டில் தமிழ் இல்லை. உப்பு வேண்டுமானால் அவர் கையால் தூவிக் காட்டுவார், தேநீர் வேண்டுமானால் ஊதிக் காட்டுவார்.

எல்லாம் சரி, நிங்குவுக்கு யார் சொல்வது? மாமி திடீரென்று வேறு மாதிரிப் பேசுவது அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு கோபித்தாள். ஒருநாள் வெளியே ஓடி விளையாடிவிட்டு வந்து, "மாமி, தண்ணி" என்றாள். வனஜா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஷுவெய்" என்றாள், தண்ணீருக்குச் சீனச் சொல். "தண்ணி தாங்கோ மாமி" என்றாள் பிள்ளை. வனஜா தலையை ஆட்டி, லூ வென் சொல்லித் தந்தபடி, "பு கெயி" என்றாள். அப்படிச் செய்யக் கூடாது என்று அர்த்தம். தாகத்தில் பிள்ளையின் கீழுதடு துடித்தது. "மாமிக்குக் காது கேக்கேல்லையோ?" என்று பக்கத்தில் வந்து, அவள் காதோடு வாயை வைத்து, "தண்ணி" என்று மெதுவாகச் சொன்னாள்.

கல்நெஞ்சு என்று வனஜாவைச் சொல்லாதீர்கள். அந்த நேரம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். இரண்டாம் முறையும் "பு கெயி" என்றாள். பிள்ளை கடைசியில் விக்கி விக்கி, "ஷுவெய்" என்றது. கோப்பையைக் கொடுத்து, "ஹென் ஹாவ்", மிக நல்லது, என்று கன்னத்தைத் தட்டிவிட்டு, குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வனஜா அழுதாள்.

பிள்ளைகள் பிள்ளைகள்தான். கொஞ்ச நாளில் பழகிவிட்டாள். காலையில் கிண்டர்கார்ட்டன், மத்தியானம் வனஜா கூட்டி வருவாள், சாப்பாடு, பிறகு கட்டம் போட்ட புத்தகம். தண்ணீருக்கு, பசிக்கு, தூக்கத்துக்கு, கோபத்துக்கு எல்லாம் சீனம் வந்தது. வனஜாவுக்கும் ஒரு குழந்தையின் அளவு சீனம் வந்தது. தமிழில் ஏதாவது வாய் தவறினால் பிள்ளையே தன்னைத் திருத்திக்கொள்வாள். நவரத்தினத்திடம் மட்டும் கள்ளமாகக் கிட்டப் போய் ஏதாவது தமிழில் குசுகுசுப்பாள், பிறகு அதுவும் நின்றது. எந்த நாளில் நின்றது என்று வனஜாவுக்குத் தெரியாது. ஒருநாள் யோசித்துப் பார்த்தபோது, பிள்ளை வாயில் தமிழ் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

லூ வென் முகம் மலர்ந்த மலர்ச்சியைச் சொல்ல வேண்டும். பிள்ளையை எடுக்க வருவாள், வாசலில் நின்றே தாயும் மகளும் வாய் ஓயாமல் பேசத் தொடங்குவார்கள். நிங்குவின் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வனஜா பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர்கள் பேசும் வேகத்துக்கு அவளுடைய சீனம் எட்டாது. ஒருநாள் லூ வென் அவள் கையைப் பிடித்து, இப்போது போர்த்துவிடச் சொல்லி என்னிடமே கேட்கிறாள், எனக்கு விளங்குகிறது என்று சொன்னாள். வனஜாவுக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. அன்று முழுக்கச் சாப்பிட மனமில்லாமலும் இருந்தது.

நிங்குவுக்கு ஐந்து வயதானபோது ஷென்னுக்குச் சீனாவில் அவருடைய சொந்த ஊரான சாங்ஷாவில் நல்ல வேலை ஒன்று சரிவந்தது. போவதா இல்லையா என்பது ஒன்றில்தான் தங்கியிருந்தது. அங்கே முதலாம் வகுப்பில் சேர்வதற்கு முன் பள்ளிக்கூடத்தார் காணொளியில் பிள்ளையோடு பேசிப் பார்ப்பார்கள். பிள்ளை பேசாவிட்டால், வாசிக்காவிட்டால், அங்கே கொண்டுபோய்த் தவிக்கவிட முடியாது, இங்கேயே இருந்துவிடுவோம் என்றாள் லூ வென். சொல்லிவிட்டு, எல்லாம் உன் கையில்தான் என்று சிரித்தாள்.

எல்லாம் அவள் கையில்தான். அந்தச் சொல் வனஜாவை நித்திரை கொள்ள விடவில்லை. மறுநாள் மத்தியானம் நிங்கு புத்தகத்தை எடுத்து வந்தபோது, இன்றைக்கு வேண்டாம், வெளியே போவோம் என்றாள். அடுத்த நாளும் வேண்டாம் என்றாள். ரைன் நதிக்கரையில் பிள்ளையைக் கொண்டுபோய் வாத்துக்குப் பாண் துண்டுகளைப் பிய்த்துப் போட்டாள். ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தாள். பிள்ளை என்ன சொன்னாலும், எதில் சொன்னாலும், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நவரத்தினத்துக்கு விளங்கிவிட்டது. ஏழு நாள், ஒரு கிழமை, அப்படியே போயிற்று.

பிறகு லூ வென், காணொளிக்குப் பழக்கவென்று சாங்ஷாவில் இருந்த தன் தங்கையைப் பேசச் சொன்னாள், வனஜாவையும் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். தங்கை திரையில் வந்து, ஒரு பக்கத்தை வாசி பார்ப்போம் என்றாள். நிங்கு ஒரு எழுத்தில் தடக்கினாள். ஒரு கிழமை முன்பு தண்ணீர்பட்ட பாடாக வாசித்த எழுத்து. மீண்டும் தடக்கினாள். தங்கையின் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். நிங்கு காது சிவந்து, திரும்பி, தாயைப் பார்க்காமல் வனஜாவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்குப் பிறகு வனஜாவால் முடியவில்லை. அன்று வீட்டில் நவரத்தினம் மெதுவாகக் கேட்டார்:

"இன்னும் ரெண்டு கிழமை புத்தகத்தைத் திறக்காமல் விட்டால் பிள்ளை இஞ்சதானே நிக்கும்? உமக்கு ஏலாதெண்டு சொன்னால் ஆர் என்ன செய்யிறது?"

"எனக்குத் தெரியாதே? அந்த எண்ணத்திலைதான் ஒரு கிழமை இருந்தனான்" என்றாள் வனஜா. "ஆனால் என்ரை பிள்ளையைப் பாத்து ஆரும் சிரிக்கக் கூடாது. அது எங்கை இருந்தாலும் சரி, ஒருத்தரும் சிரிக்கக் கூடாது."

மறுநாள் புத்தகம் திறந்தது. முன்பு ஒரு பக்கம் எழுதியவர்கள் இப்போது மூன்று பக்கம் எழுதினார்கள். வனஜா பேசும் பேனாவை முந்திக்கொண்டு சொல்லப் பழகிவிட்டாள். காணொளி நாளில் கமராவில் படாமல் கதவுக்குப் பின்னால் நின்றாள். நிங்கு கணீரென்று வாசித்தாள். ஆசிரியை ஏதோ கேட்க, ஏதோ சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு, ஆனால் நல்ல சிரிப்பு. வெளிநாட்டில் இருந்தும் பிள்ளையை இப்படி வளர்த்திருக்கிறீர்களே என்று ஆசிரியை லூ வென்னைப் புகழ்ந்தாளாம். திரை அணைந்ததும் லூ வென் ஓடி வந்து வனஜாவைக் கட்டிப்பிடித்தாள். வனஜா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். இடம் கிடைத்துவிட்டது.

ஷென் முன்கூட்டியே சாங்ஷாவுக்குப் போய்விட்டார். பயணநாளில் கணேசலிங்கம் தன் கடை வான் வண்டியைத் தந்தார். பெட்டிகளை ஏற்றி, ஃபிராங்பேர்ட் விமான நிலையம் வரைக்கும் நவரத்தினமே ஓட்டினார். வழி முழுக்க நிங்கு யன்னலால் பார்த்து, லொறி, பாலம், குதிரை என்று சீனத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள், வனஜா திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுக்குள் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. நம்மவர்கள் புறப்படும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. "போட்டு வாறன்" என்பார்கள், திரும்பி வருவேன் என்ற உறுதியை உள்ளே வைத்து. சின்ன வயதில், பின்னேரங்களில் தாயின் தோளில் தூங்கி விழுந்தபடியே நிங்கு அதைச் சொல்லிவிட்டுத்தான் போவாள். அதை இன்னொரு முறை அந்த வாயால் கேட்டால் போதும். வேறொன்றும் வேண்டாம். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான், கேட்கமாட்டாள்.

லூ வென்னுக்கு அது எப்படித் தெரிந்ததோ! பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் வாசலில் நின்று, வனஜாவின் கையைப் பிடித்து, தனக்கு வந்த ஜேர்மனில், "இன்றைக்கு உன் மொழியில் பேசு. தயவுசெய்து பேசு" என்றாள். பெண் என்றால் அவள் பெண்.

வனஜா தரையில் முழங்காலில் இருந்தாள். நிங்குவின் இரண்டு கையையும் பிடித்தாள். இரண்டரை வருசமாகக் கட்டி வைத்திருந்தது ஒரேயடியாக வந்தது.

"நிங்கு, என்ரை குஞ்சு, என்ரை செல்லம், மாமியை மறந்திடாதை என்ன? குளிருக்கை நிக்காதை. வடிவாய்ச் சாப்பிடு. எங்கை, ஒருக்கால் மாமிக்கு, போட்டு வாறன் எண்டு சொல்லு பாப்பம் ராசாத்தி…"

நிங்குவின் முகம் மாறியது. கண் அகலத் தாயை ஒருமுறை பார்த்தாள், பயத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு தன் கையை விடுவித்துக்கொண்டு, அந்தச் சின்ன உள்ளங்கையால் வனஜாவின் வாயை இறுக்கிப் பொத்தினாள்.

"பு கெயி" என்றாள்.

குறும்பு இல்லை, கோபமும் இல்லை. மாமி பிழை விடுகிறாள், யாரும் கேட்பதற்குள் காப்பாற்றிவிட வேண்டும் என்ற அக்கறைதான் அந்த முகத்தில். லூ வென் குனிந்து, இன்றைக்குப் பேசலாம், பரவாயில்லை என்று சீனத்தில் அவசரமாகச் சொன்னாள். பிள்ளை தலையை ஆட்டி மறுத்தது, கையை எடுக்கவில்லை. லூ வென் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். நவரத்தினம் தள்ளுவண்டியின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வனஜா அந்தக் கையை மெல்ல எடுத்து உள்ளங்கையில் முத்தமிட்டாள். "ட்ஸாய் ஜியென், நிங்நிங்" என்றாள். விடைபெறும் சீனச் சொல். ஏற்றமும் இறக்கமும் சரியாகத்தான் வந்தது.

நிங்கு முகம் தெளிந்து சிரித்தாள். "ஹென் ஹாவ்" என்று மாமியின் கன்னத்தைத் தட்டிவிட்டு, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். வளைவில் ஒருமுறை திரும்பிக் கை காட்டினாள். பிறகு கூட்டம் மறைத்துவிட்டது.

வானுக்குள் ஏறிய பிறகும் நவரத்தினம் சாவியைத் திருப்பவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் ஆட்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போனார்கள், வந்தார்கள். பின் இருக்கையில் பிள்ளை இருந்த இடத்தில் பிஸ்கட் தூள் கிடந்தது. அவருக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. "உமக்கு அழ வேணுமெண்டால் அழும்" என்று மட்டும் சொன்னார்.

வனஜா இருக்கைப் பட்டியை இழுத்துப் பூட்டினாள்.

"கெட்டிக்காரி என்னப்பா," என்றாள் பிறகு. "நான் சொல்லிக் குடுத்ததிலை ஒண்டையும் மறக்கேல்லை."

அதற்குப் பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.